அப்பாவின் அச்சுப் பட்டறையை அருங்காட்சியகமாக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்களுக்குப் பழைய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. அப்பா முன்னறையிலேயே எட்ச்சிங் (செப்புத் தகட்டில் ஆசிட்டால் கோடு அரித்து அச்சிடுவது), லினோகட் (லினோ விரிப்பில் செதுக்கி அச்சிடுவது) செய்துகொண்டிருந்தார். போன வருடம் தவறிவிட்டார். கையால் சுற்றும் பிரஸ், செப்புத் தகடுகள், டிரங்குப் பெட்டி நிறைய பிரின்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்கிறான் தம்பி. எனக்கோ அதைச் சின்ன அருங்காட்சியகமாக்க ஆசை. சுத்தம் செய்து பெயின்ட் அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். அடுத்து என்ன செய்வது? தகடுகளில் புதிதாகப் பிரின்ட் எடுத்து விற்றுச் செலவைச் சமாளிக்கலாமா?

பதில்: முதலில் பெயின்டருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆம்ஸ்டர்டாமில் ஓவியரும் எட்ச்சிங் கலைஞருமான ரெம்பிராண்ட் 1639-இல் வாங்கிய வீடு 1911 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1656-இல் அவர் திவாலானபோது அதிகாரிகள் அறை அறையாகப் போய் 363 உருப்படிகளைப் பட்டியல் எடுத்தார்கள். கடன்காரர்களுக்காக எழுதிய அந்தப் பட்டியலை வைத்துத்தான் பிற்காலத்தில் எந்த அறையில் எது இருந்தது என்று பார்த்து வீட்டை மறுபடி அமைத்தார்கள். அங்கே சாமான் ஏலத்தில் போய் பட்டியல் மிஞ்சியது. உங்களிடம் சாமானே இருக்கிறது, பட்டியல்தான் இல்லை.

ஆகவே எதையும் நகர்த்தும் முன் ஒவ்வொரு சுவரையும் நேராக நின்று படம் எடுங்கள். அப்புறம் மேஜை, அப்புறம் ஒவ்வொரு இழுப்பறையும் திறந்த நிலையில். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, எங்கே இருந்தது, என்ன அளவு, என்ன நிலை என்று நோட்டில் எழுதுங்கள். காகிதத்தின் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் மட்டும் எண் போடலாம், பேனா கூடாது. கருவிகளுக்கு நூலில் கட்டிய அட்டை போதும். மை படிந்த துணியையும் பட்டியலில் சேருங்கள். குப்பைபோலக் கிடக்கும் அரைகுறைச் சோதனைப் பிரின்டுகளைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஒரே தகடு முதலில் வெறும் கோடாக இருந்து, பிறகு நிழல் ஏறி, கடைசியில் பாதி சுரண்டி அழிக்கப்பட்டது வரை அவற்றில்தான் தெரியும். ஓரத்தில் ஆசிட்டில் எத்தனை நிமிடம் வைத்தார் என்று கிறுக்கியிருந்தால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால், பிரேம் போட்ட நல்ல பிரதியைவிட இவைதான் ஒரு பட்டறை வீட்டுக்குச் சொத்து.

ஆசிட் என்றதும் ஒரு எச்சரிக்கை. அலமாரியில் நைட்ரிக் ஆசிட், ஃபெர்ரிக் குளோரைடு புட்டிகள் இருக்கக்கூடும். மூடியைத் திருகிப் பார்க்காதீர்கள், சிங்க்கில் ஊற்றவும் கூடாது. அபாயக் கழிவுகளைக் கையாளத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால் இது இந்த வாரமே முடிய வேண்டிய வேலை.

பிரின்டுகளை டிரங்கிலிருந்து எடுத்து, ஆசிட் இல்லாத காகிதத்தை இடையில் வைத்துத் தட்டையாகப் படுக்கவையுங்கள். ஓட்டு வீட்டில் வெளிச்சுவர் மழைக்காலத்தில் ஓதம் ஏறும், அதை ஒட்டி எதையும் வைக்க வேண்டாம். செல்லோடேப், ஃபெவிகால், லேமினேஷன் மூன்றும் காகிதத்துக்கு எமன். எட்ச்சிங்கில் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் தெரியும். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். கீழே பென்சிலில் 7/25 (25 பிரதிகளில் ஏழாவது) என்பதுபோல எழுதியிருப்பதும் அங்கேதான். மாட்டும்போது வெளிச்சம் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில், மங்கலாகவே இருக்கட்டும், சில மாதங்களுக்கு ஒருமுறை படத்தை மாற்றுங்கள். இராமபாணப் பூச்சிக்காக அந்துருண்டையைக் காகிதத்தின் மேலேயே போடுகிறார்கள், அது வேண்டாம். இடத்தை உலர்வாக வைத்து அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் வைத்தியம். பூஞ்சை பிடித்ததை நீங்களாகத் துடைக்காமல் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிரஸ்ஸில் உருளையின் அழுத்தத்தைத் தளர்த்தி, கீழே மாட்டியிருக்கும் கம்பளித் துணியை எடுத்துவிடுங்கள்.

இனி விற்பனை. சட்டப்படி தடையில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி கலைஞர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை வாரிசுகளிடம் இருக்கும். (தம்பியும் வாரிசு, அவர் கையெழுத்தும் வேண்டும்.) ஆனால் அப்பா 25 பிரதி என்று எழுதி 25-ஐயும் அடித்து முடித்திருந்தால், 26-ஆவது அடிப்பது வாங்கியவரை ஏமாற்றுவது. தகட்டின் குறுக்கே அவரே கோடு கீறியிருந்தால் பேச்சே இல்லை, அது முடிந்த தகடு. பதிப்பு முடியாத தகடுகளில் மட்டும், மறைவுக்குப் பின் அச்சிட்டது என்பதையும் ஆண்டையும் அச்சிட்டவர் பெயரையும் ஒவ்வொரு பிரதியிலும் எழுதி விற்கலாம். அவர் கையெழுத்தைப் போடக் கூடாது. விலையும் குறைவாகத்தான் கிடைக்கும். மேலும் செம்பு மென்மையான உலோகம், ஒவ்வொரு அழுத்தத்திலும் கோடு தேயும். பார்க்க வருபவர்களுக்கு அச்சிட்டுக் காட்டப் புதிதாகச் செதுக்கிய லினோவை வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் நியூரம்பர்கில் ஓவியர் டியூரர் வாழ்ந்த வீட்டிலும் அச்சுப் பட்டறை அமைத்துச் செய்து காட்டுகிறார்கள்.

வீட்டை இப்போதே அறக்கட்டளைக்கு எழுதிவிடாதீர்கள். பொது அறக்கட்டளைக்குக் கொடுத்த சொத்தைத் திரும்ப வாங்குவது நடக்காத காரியம். முதலில் பிரின்டுகளும் பிரஸ்ஸும் மட்டும் அறக்கட்டளை பெயரில் இருக்கட்டும். முன்னறையை ஞாயிற்றுக்கிழமைகளில், முன்கூட்டிச் சொல்லி வருபவர்களுக்குத் திறந்து ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். கரன்ட் பில், ஓடு மாற்றும் செலவு, வந்து உட்கார ஓர் ஆள், இந்த மூன்றுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். சரிவராவிட்டால் தம்பி கட்டும் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் ஓர் அறையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரஸ் கனமானது, மாடி அறைக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.