லிம்ஃபோமா எவ்வளவு பேருக்கு வருகிறது, எவ்வளவு பேரைக் கொல்கிறது? மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நிணநீர் மண்டலத்தில் வரும் இந்தப் புற்றுநோயைப் பற்றி மும்பைத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளில் பல, இணையத்தில் ஒன்றுக்கொன்று முரணான எண்களைப் பார்த்துப் பயந்துபோய் எழுதியவை. ரத்தப் புற்றுநோய் மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செம்பூர் வாசகர்: எங்கள் குடியிருப்பில் ஒரே வருஷத்தில் ரெண்டு பேருக்கு லிம்ஃபோமா. இது இப்போது சர்வசாதாரணமாகிவிட்டதா டாக்டர்?

இல்லை. லிம்ஃபோமாவை ஹாட்ஜ்கின், ஹாட்ஜ்கின் அல்லாதது என்று ரெண்டு பெரிய பிரிவாகப் பிரிப்பார்கள், பெரும்பங்கு ஹாட்ஜ்கின் அல்லாத வகைதான். அது இந்தியாவில் வருஷத்துக்கு லட்சம் ஆண்களில் மூன்று பேர், லட்சம் பெண்களில் ரெண்டு பேர் என்ற அளவில்தான் வருகிறது. ஹாட்ஜ்கின் வகை அதைவிடவும் குறைவு. ஹாட்ஜ்கின் அல்லாத வகை அமெரிக்காவில் நம்மைப் போல நாலைந்து மடங்கு, அங்கே வாழ்நாளில் ஏறக்குறைய 50 பேரில் ஒருவருக்கு வருகிறது, இங்கே நூறில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆனாலும் நாம் 140 கோடிப் பேர் இருக்கிறோம் அல்லவா, அதனால் 2020-ல் மட்டும் இந்தியாவில் இந்த வகையில் 35,000-க்கு மேல் புது நோயாளிகள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது.

மும்பையில் 1963-லிருந்தே புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது, நாட்டிலேயே முதல் பதிவேடு அது. இதே மாநிலத்தில் சோலாப்பூர் பக்கம் பார்ஷியில் கிராமங்களுக்கென்று ஒன்று உண்டு. ரெண்டையும் பக்கத்தில் வைத்தால் மும்பையின் விகிதம் அதிகம். நகரத்தில் நோயே கூடுதலா, ஸ்கேனும் பயாப்ஸியும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கண்டுபிடிப்பது கூடுதலா என்று கேட்டால், ரெண்டும்தான் என்பேன். ஒரு பெரிய குடியிருப்பில் ரெண்டு பேருக்கு வருவது தற்செயலாகவே நடக்கலாம். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை இது, அவர்கள் வீட்டுக்குத் தயங்காமல் போய்வாருங்கள்.

முலுண்ட் வாசகி: ஒரு இடத்தில் 90 சதவீதம் குணமாகும் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் பாதிக்கு மேல் இறந்துவிடுகிறார்கள் என்கிறார்கள். எதை நம்புவது?

ரெண்டுமே உண்மையான எண்கள்தான், ஆனால் அவை பேசுவது வேறு வேறு ஆட்களைப் பற்றி. அமெரிக்காவில் ஹாட்ஜ்கின் வந்தவர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள், மற்ற வகைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் 75 சதவீதத்தை ஒட்டி வரும். இந்தியாவில் 2020-க்கான மதிப்பீட்டில் ஹாட்ஜ்கின் அல்லாத வகையில் 35,000 புது நோயாளிகளுக்கு எதிரே சுமார் 20,000 மரணங்கள். அந்த வருஷம் நோய் வந்தவர்களே அந்த வருஷம் இறந்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. என்றாலும் அமெரிக்காவில் 80,000 பேருக்கு நோய் வந்து 20,000 பேர் இறக்கிறார்கள், இங்கே அதில் பாதிக்கும் குறைவான பேருக்கு நோய் வந்து அதே அளவு மரணம் என்றால், இந்த எண் எனக்குக் கோபத்தையும் வருத்தத்தையும் ஒருசேரத் தருகிறது. நம் உடம்பில் நோய் கொடூரமாக இருப்பதால் அல்ல இது. தாமதமாக வருகிறோம், தவறான பெயரில் மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்கிறோம், பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறோம். இந்த மூன்றையும் நம்மால் மாற்ற முடியும்.

அப்புறம் வகை. லிம்ஃபோமா ஒரே நோய் இல்லை, பல டஜன் வகைகள் உண்டு. நம்மிடம் அதிகம் வருவது டி.எல்.பி.சி.எல். எனப்படும் வேகமாக வளரும் வகை. சிகிச்சை தராவிட்டால் மாதங்களில் உயிரை எடுத்துவிடும், ஆனால் ஆர்-சாப் என்கிற கூட்டுமருந்தை முழுதாக எடுத்தால் பத்தில் ஆறு பேராவது நிரந்தரமாகக் குணமாகிறார்கள். அந்தக் கூட்டில் முக்கியமான ரிடுக்ஸிமாப் முன்பு வெளிநாட்டு விலையில்தான் கிடைத்தது, 2007-ல் இந்தியத் தயாரிப்பு வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்கள் நினைத்துப் பார்க்க முடிந்தது. ஆகவே "லிம்ஃபோமாவில் எத்தனை சதவீதம் பிழைப்பார்கள்" என்று தேடாதீர்கள், அறிக்கையில் இருக்கும் வகையின் முழுப் பெயரைச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

தாராவி வாசகர்: தம்பிக்குக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, வலி இல்லை. டி.பி. என்று சொல்லி ரெண்டு மாதமாக மாத்திரை தருகிறார்கள், கட்டி கரையவே இல்லை.

எனக்கு வந்ததில் அவசரமான கேள்வி இதுதான். உலக டி.பி. நோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர், நுரையீரலுக்கு வெளியே வரும் டி.பி.யில் நெறியில் வருவது மிகச் சாதாரணம், அதனால் டாக்டர் டி.பி.யை நினைத்தது தவறே இல்லை. ரெண்டுக்கும் சாயங்காலக் காய்ச்சல் வரும், ராத்திரியில் சட்டை நனைய வியர்க்கும், உடம்பு இளைக்கும். டி.பி. நெறிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சில சமயம் சீழ் பிடிக்கும், லிம்ஃபோமா நெறி ரப்பர் மாதிரி இருக்கும் என்று படித்திருப்பீர்கள், ஆனால் விரலால் தடவிப் பார்த்து எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: டி.பி. என்று எந்தப் பரிசோதனையில் உறுதியானது? கிருமி தென்பட்டிருந்தால் பொறுமையாக இருக்கலாம், சரியான மருந்திலும் டி.பி. நெறி கொஞ்ச நாள் பெரிதாவது உண்டு. எதுவுமே செய்யாமல் மாத்திரை தொடங்கியிருந்தால், மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதோடு நிற்காமல் ஒரு நெறியை முழுதாக எடுத்து பயாப்ஸி செய்யச் சொல்லுங்கள். எடுத்ததில் ஒரு பகுதி ஃபார்மலின் என்கிற பதப்படுத்தும் திரவத்தில் நோய்க்கூறு ஆய்வுக்கும், இன்னொரு பகுதி உப்புநீரில் டி.பி. சோதனைக்கும் போக வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டி.பி. கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயாப்ஸிக்கு முன்னால் ஸ்டீராய்டு மாத்திரை வேண்டாம், அது லிம்ஃபோமா கட்டியைத் தற்காலிகமாகக் கரைத்து உண்மையை மறைத்துவிடும். அதற்காக டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. அப்புறம், நெறியை மெழுகில் பதித்து வைக்கும் பிளாக்கை லேபிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பரேலில் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வேறு எங்கே போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சயான் வாசகி: நாலாம் கட்டம் என்றால் முடிந்ததா?

நிச்சயமாக இல்லை. மற்றப் புற்றுநோய்களில் நாலாம் கட்டம் என்றதும் வரும் அர்த்தத்தை இங்கே கொண்டுவராதீர்கள். நிணநீர் உடம்பு முழுக்க ஓடுகிறது, இந்த நோய் பரவலாகவே தென்படும். நாலாம் கட்ட ஹாட்ஜ்கினிலும் பெரும்பாலானவர்கள் குணமாகிறார்கள்.

கல்யாண் வாசகர்: அப்பாவுக்கு 68 வயது, ஃபாலிகுலர் லிம்ஃபோமா. இப்போதைக்கு மருந்தே வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறார் டாக்டர். கைவிட்டுவிட்டாரா?

இல்லை. மெதுவாக வளரும் வகை அது, தொந்தரவு இல்லாதவர்களுக்கு உடனே கீமோ கொடுப்பதால் ஆயுள் நீளுவதில்லை என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. பலர் இதோடு 15, 20 வருஷம்கூட வாழ்கிறார்கள். காய்ச்சல், எடை குறைவு, கட்டி திடீரென்று வீங்குவது, இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

அந்தேரி வாசகர்: ஐந்து வருஷப் பிழைப்பு என்றால் ஐந்து வருஷம்தான் இருப்பார்களா?

கணக்குப் போட வசதியான ஓர் எல்லை அது, ஆயுள் கெடு இல்லை. டி.எல்.பி.சி.எல். மாதிரி வேகமான வகை திரும்பி வருவதென்றால் பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துக்குள் வரும், அதைத் தாண்டியவர்களின் ஆயுள் மற்றவர்களுடையதை நெருங்கிவிடுகிறது.

மாதுங்கா வாசகர்: அப்பாவுக்கு ஆறு சைக்கிள் (சுற்று) கீமோ சொன்னார்கள். மூன்றிலேயே கட்டி மறைந்துவிட்டது. போதும் என்று திருநெல்வேலிக்குப் போய்விட்டார், செலவும் ஒரு காரணம்.

கையால் தடவி அகப்படாத அளவுக்குக் கட்டி சுருங்கினாலும் உள்ளே கோடிக்கணக்கில் செல்கள் மிச்சம் இருக்கலாம். திரும்பி வந்தால் முதல் மருந்து முன்பு போல வேலை செய்யாது. அதற்குப் பிந்தைய சிகிச்சைகளும் இருக்கின்றன, நோயாளியின் சொந்த எதிர்ப்புச் செல்களை மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையில் 2023-ல் அனுமதி பெற்றது பவாயில் ஐ.ஐ.டி.யும் டாடாவும் சேர்ந்து உருவாக்கியதுதான், ஆனால் அதன் செலவு பல லட்சம். மீதி மூன்று சைக்கிளை முடிப்பது அதைவிட எவ்வளவோ மலிவு. செலவுதான் தடை என்றால் மகாராஷ்டிரத்தில் மகாத்மா புலே திட்டம், தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், ரெண்டில் எது பொருந்தும் என்று ரேஷன் கார்டோடு போய் ஆஸ்பத்திரியின் சமூக சேவகரிடம் கேளுங்கள். மும்பைக்குத் திரும்ப அப்பாவுக்கு மனமில்லை என்றால் மீதியைத் தமிழ்நாட்டிலேயே முடிக்கலாம். இதுவரை கொடுத்த மருந்து, அளவு, தேதி எல்லாம் எழுதிய சுருக்கத்தையும் அந்த மெழுகு பிளாக்கையும் இங்கிருந்து வாங்கி இந்த வாரமே அனுப்பிவையுங்கள், ஏனென்றால் ரெண்டு சைக்கிளுக்கு இடையில் மூன்று வாரம்தான் இடைவெளி.