மேட்ச் அன்னைக்கு மட்டும் கை நடுங்குது, மாத்திரை தரலாமா?

கேள்வி: என் பொண்ணுக்கு 16 வயசு, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுறா. பிராக்டிஸ்ல நல்ல ஸ்கோர் வருது, போட்டின்னா நெஞ்சு படபடன்னு அடிச்சு கை நடுங்குதுங்கிறா. புரோப்ரனலால் மாத்திரை பாதி போட்டா நின்னுடும்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றார். குடுக்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டவே வேண்டாம்மா. அது பீட்டா பிளாக்கர், அதாவது இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து. துப்பாக்கி சுடுறவங்களுக்கு போட்டி அன்னைக்கு மட்டுமில்ல, வருஷம் பூராவும் தடை செஞ்ச மருந்து. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல வட கொரியாவோட கிம் ஜோங் சு வெள்ளியும் வெண்கலமும் ஜெயிச்சார், டெஸ்ட்ல இதே புரோப்ரனலால் வந்துச்சு, ரெண்டு மெடலும் போச்சு. தெரியாம போட்டோம்னாலும் பொறுப்பு பிளேயர் மேலதான். அதோட வீசிங் இருக்கற பிள்ளைங்களுக்கு இது மூச்சையே இறுக்கிடும்.

நடுக்கத்துக்கு வருவோம். போட்டின்னதும் அட்ரினலின் ஏறுறது எல்லாருக்கும் உள்ளதுதான், வெயிட் தூக்குறவங்களுக்கு அது உதவும், 10 மீட்டர் தள்ளி நின்னு 11.5 மில்லிமீட்டர் வட்டத்தை குறி வைக்கிறவளுக்கு அதே வேகம் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா பிஸ்டலை துளியும் ஆடாம பிடிக்க பெரிய ஷூட்டர்களாலயும் முடியாதும்மா. சிக்கல் எங்க வருதுன்னா, ஆடுதேன்னு பயந்து, இத்தனை நாளா விரல் தன்னால செஞ்ச வேலையை இவ யோசிச்சு யோசிச்சு செய்யப் பாக்குறா, குறி சரியா வந்த நொடியில ட்ரிகரை வெடுக்குனு இழுத்துடுறா, குண்டு ஓரத்துக்கு போயிடுது, அடுத்த ஷாட்டுக்கு பயம் இன்னும் ஏறுது.

அவகிட்ட ஒண்ணு கேளுங்க: முதல்ல வர்றது படபடப்பா, இல்ல "சொதப்பிட்டா என்ன ஆகும்"ங்கிற நினைப்பா? படபடப்புன்னா கையைத் தூக்குறதுக்கு முன்னாடி மூச்சை மெதுவா, இழுத்ததை விட நீளமா விடப் பழகட்டும். நினைப்புதான்னா, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே வரிசை வேணும், பாதம் வைக்கிறது, மூச்சு, கை தூக்கி முன் சைட்டை (பிஸ்டல் முனையில குறி பாக்குறதுக்கு இருக்கற முனைப்பை) பாக்குறது, மெதுவா அழுத்துறது, மனசுக்குள்ள "சைட்டு... மெதுவா"ன்னு ரெண்டே வார்த்தை. "நடுங்கக்கூடாது"ன்னு சொல்லிக்க வேணாம், அது நடுக்கத்தைதான் ஞாபகப்படுத்தும். 60 ஷாட்ல மொத்தம் எவ்வளவு வந்துச்சுன்னு நடுவுல கூட்டிப் பாக்குற பழக்கம் இருந்தா அதையும் விடட்டும்.

இதையெல்லாம் மேட்ச் அன்னைக்கு ஆரம்பிச்சா வேலைக்கு ஆகாது. வாரத்துல ஒரு நாளாவது பிராக்டிஸையே போட்டி மாதிரி வைக்கச் சொல்லுங்க, அதே டிரஸ், அதே டைம் லிமிட், பின்னாடி ஆளுங்க, போன்ல கூட்டத்தோட சத்தம். டென்ஷனோட சுட்டுப் பழகினவளுக்கு அந்த டென்ஷன் புதுசா தெரியாது. நம்ம பிஸ்டல் ஷூட்டர் மனு பாக்கர் டோக்கியோ ஒலிம்பிக்ல பிஸ்டல் கோளாறுல சிக்கி மெடல் இல்லாம திரும்பினவங்க, பாரிஸ்ல 2024-ல ரெண்டு வெண்கலம் அடிச்சாங்க, உங்க பொண்ணுக்கு இது என்னை விட நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ரேஞ்சை விட்டு வெளிய வந்ததும் "எவ்வளவு ஸ்கோர்?"னு கேக்காதீங்க, சாப்பாடு குடுங்க, அவளா சொல்லட்டும். மேட்ச் காலையில ஸ்ட்ராங் காபி, எனர்ஜி டிரிங்க் வேணாம், ரெண்டும் நடுக்கத்தைக் கூட்டும்.

சும்மா இருக்கும்போதும் கை நடுங்குது, எடை குறையுது, வேர்த்துக் கொட்டுதுன்னா தைராய்டு டெஸ்ட் எடுத்துடுங்க. தூக்கம் போய், ரேஞ்சுக்குப் போகவே அழுதான்னா விளையாட்டு மனநல நிபுணர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும், சளி மாத்திரைக்குக் கூட, இவ போட்டியில சுடுற பொண்ணுன்னு முதல்லயே சொல்லிடுங்கம்மா.