குப்பைமேட்டைத் தவிர ஒரு மலை

கேள்வி: தென் சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலை இருக்கிறது. எங்களுக்குக் கொடுங்கையூர் குப்பைமேடுதானா? விடியற்காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற மாதிரி, அனுமதி அது இது என்று யார் கையையும் எதிர்பார்க்காமல் ஏற ஒரு மலை சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பரங்கிமலையைப் பார்த்தா பொறாமை? மூச்சு வாங்கத் தொடங்கும்போதே உச்சி வந்துவிடும் ஐயா!

உங்கள் எண்ணூரில் கடலில் விழுகிறதே கொசஸ்தலை ஆறு, அதன் மேல்பக்கம் போங்கள். பெரம்பூரில் மின்சார ரயில் ஏறித் திருவள்ளூர், அங்கிருந்து பூண்டி. அந்த ஏரித் தண்ணீர்தான் சோழவரம், புழல் வழியாக உங்கள் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது. பூண்டியைத் தாண்டினால் குடியம் கிராமம். அதற்கப்பால் முள்காட்டுக்குள் நடந்தால் குடியம் குகை.

உயரத்தைச் சொல்லி அலுவலகத்தில் பெருமையடிக்க முடியாது, அதெல்லாம் கரடுதான். ஆனால் குகைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். உருண்டைக் கூழாங்கற்களைச் சிமென்ட் குழைத்து ஒட்டியதுபோல் இருக்கும் பாறை. இந்தப் பக்கத்து ஆதிமனிதன் இப்படிப்பட்ட கற்களைத் தட்டித்தான் கைக்கோடரி செய்தான். அருகிலுள்ள அதிரம்பாக்கத்தில் 1863-லேயே ராபர்ட் புரூஸ் பூட் என்கிற ஆங்கிலேய நிலவியலாளர் அவற்றைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்த கருவிகளில் பழையவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்கிறார்கள். பூண்டி அருங்காட்சியகத்திலும் கற்கருவிகளைப் பார்க்கலாம். பரங்கிமலைக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்களேன்.

சரி, அனுமதி. அது காப்புக்காடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக்காரர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அதற்கப்புறமும் 'யாரையும் கேட்காமல்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? வனத்துறையே வழிகாட்டியோடு மலையேற்றம் நடத்துகிறது, குடியமும் அதில் உண்டு. இணையத்தில் பதிவு செய்யுங்கள். காட்டுத்தீ காலத்தில் மூடியிருந்தால் மழைக்குப் பிறகு போங்கள், குகை எங்கும் ஓடிவிடாது.

குகைப் பாறையில் தேன்கூடுகள் தொங்கும். கத்தாதீர்கள், புகை பிடிக்காதீர்கள், செல்ஃபிக்காக சென்ட் அடித்துக்கொண்டும் போகாதீர்கள். தண்ணீரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் கடை கிடையாது. மதியச் சாப்பாடு எப்படியும் மூன்று மணிக்குத்தான். வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.