சின்ன கிராங்க் புல்லி மாட்டலாமா?

கேள்வி: தினமும் ஓட்டும் 1.6 லிட்டர் பெட்ரோல் கார். அலுமினிய 'அண்டர்டிரைவ்' கிராங்க் புல்லி மாட்டினால் 8 குதிரைத்திறன் கூடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். கிராங்க் புல்லி என்பது எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் இருந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம்; 'அண்டர்டிரைவ்' என்றால் அதைச் சிறிதாக்குவது. சிறிதாக்கினால் ஆல்டர்னேட்டரும் (மின்சாரம் தரும் கருவி) வாட்டர் பம்பும் ஏசி கம்ப்ரசரும் மெதுவாகச் சுற்றும். அதில் மிச்சமாகும் சக்திதான் லாபம். ஆனால் ஹெட்லைட்டுக்கு வேண்டிய மின்சாரம் குறைவதில்லை, ஆல்டர்னேட்டர் அதை எப்படியும் தந்தாக வேண்டும். மிஞ்சுவது அற்பம்.

கடைக்காரர் காட்டும் டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) தாளில் ஏமாறாதீர்கள். வேகம் ஏறும்போதே அளக்கும் டைனோவில், எடை குறைந்த புல்லி சீக்கிரம் சுழல்வதும் 'பவர்' என்றே பதிவாகும். சீரான வேகத்தில் போகும்போது அது கிடைக்காது.

இப்போது நஷ்டக் கணக்கு. 150 மி.மீ. புல்லியை 115 ஆக்கினால், 800 ஆர்பிஎம் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலை) 55 மி.மீ. ஆல்டர்னேட்டர் புல்லியின் சுற்று சுமார் 2180இலிருந்து 1670க்கு இறங்கும். நெரிசலில் ஏசியும் விளக்கும் போட்டு நின்றால் பேட்டரிதான் காலியாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கம்பெனி புல்லியின் நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் இடையே கறுப்பு ரப்பர் வளையம் தெரிகிறதா? அப்படியானால் அது வெறும் புல்லி இல்லை, அதிர்வை அடக்கும் டேம்பர். ஒவ்வொரு சிலிண்டர் வெடிப்பிலும் கிராங்க் லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த அதிர்வை ரப்பர் உள்வாங்குகிறது. அதைக் கழற்றிவிட்டு ரப்பர் இல்லாத அலுமினியப் புல்லியை மாட்டினால், ஆயில் பம்ப் பல்சக்கரம் விரிசல் விடலாம், கிராங்க் போல்ட் தளரலாம், கடைசியில் கிராங்க்கே உடையலாம். முதல் நாள் எதுவும் தெரியாது, அதனால்தான் விற்க முடிகிறது. 'டேம்பர் இல்லை' என்று பெட்டியில் அச்சிடக்கூட யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, என்ன முறையோ இது!

ஒரு விலக்கு உண்டு. சில எஞ்சின்களில் டேம்பர் தனியாகவும், புல்லி அதன் மேல் சிறு போல்ட்களால் தனியாகவும் இருக்கும். அங்கே டேம்பரைத் தொடாமல் புல்லியை மட்டும் மாற்றலாம். இரண்டும் தனித்தனி என்பதைக் கழற்றிப் பார்த்து உறுதிசெய்யுங்கள், கடைக்காரர் சொல்லை வைத்து அல்ல. பெல்ட் ஓடும் புல்லி மட்டும் தனியாகக் கழன்று வந்து, ரப்பருள்ள பகுதி கிராங்க்கிலேயே நின்றால்தான் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், ஐடிலில் ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாம் போட்டு பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பழைய புல்லிக்கே திரும்புங்கள். பெல்ட்டும் பழைய நீளத்துக்கு மாற வேண்டும். கிராங்க் போல்ட்டைப் புதிதாகவே போடுங்கள்; பல எஞ்சின்களில் அது ஒருமுறை இழுத்து முறுக்கவே செய்யப்பட்டது.