கொழுந்து பறித்தவர் திருடனா? மலையில் கேட்ட குற்றச் சட்டக் கேள்விகள்

கோத்தகிரியில் வக்கீலாக இருக்கிறேன். குற்றம் என்றால் என்ன, எது எந்த வகை என்று கேட்டவர்களுக்கு எழுதிய பதில்கள் இவை. 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் பொருந்தும். அதற்கு முன் நடந்தவற்றுக்கு 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே.

கட்டபெட்டு விவசாயி: ஐயா, பக்கத்துத் தோட்டக்காரர் எங்க எல்லைக்குள்ள வந்து ரெண்டு மூட்டை தேயிலைக் கொழுந்து பறிச்சுட்டார். கேட்டா "இது எங்க பாட்டன் நிலம்"ங்கிறார். திருட்டுக் கேஸ் ஆகுமா?

செடியில் இருக்கும்வரை இலை நிலத்தோடு சேர்ந்தது; அதைத் திருட முடியாது. கிள்ளிய நொடியில் அது அசையும் பொருளாகிவிடுகிறது. கிள்ளுவதும் எடுப்பதும் ஒரே செயலாக இருந்தாலும் திருட்டாகலாம் என்கிறது 303-ம் பிரிவு. ஆக, செயல் நடந்திருக்கிறது.

ஆனால் செயல் மட்டும் போதாது, நேர்மையற்ற எண்ணமும் வேண்டும். தன் நிலம் என்று அவர் உண்மையாகவே நம்பிப் பறித்திருந்தால், நம்பிக்கை தவறாக இருந்தாலும் அது திருட்டல்ல. பட்டாவை எடுத்துக்கொண்டு சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள், தீராவிட்டால் சிவில் கோர்ட். அதே ஆள் முன்பு எல்லையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர், இருட்டில் வந்து பறித்தார் என்றால் கதை வேறு. மனதை யாரும் திறந்து பார்க்க முடியாது. நடந்துகொண்ட விதத்திலிருந்துதான் கோர்ட் எண்ணத்தைப் படிக்கிறது.

அவரே மறுபடியும்: திருட்டுன்னே வெச்சுக்குவோம். ஸ்டேஷன்ல ஏன் எஃப்.ஐ.ஆர். போட மாட்டேங்கறாங்க?

5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் தடவை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் தண்டனை சமூக சேவைதான். அந்த வகை காக்னிசபிள் குற்றமல்ல. மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. ஆனாலும் உங்கள் தகவலைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

குன்னூரிலிருந்து ஒரு அக்கா: என் தம்பியை அடிச்சவன் மேலயும் "கோர்ட்டுக்குப் போங்க"ன்னுட்டாங்க.

கன்னத்தில் அறைந்தது சாதாரண காயம். 115-ம் பிரிவு, ஓராண்டு வரை, காக்னிசபிள் அல்ல. பல் உடைந்ததா? உடைந்திருந்தால் அது கொடுங்காயம். ஏழாண்டு வரை தண்டனை, போலீஸ் நேரடியாகவே வழக்குப் போட வேண்டும். ஒரு பல்லில் வழக்கின் வகையே மாறிவிடும் அக்கா. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டிச் சான்று வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

கூடலூர்: பன்னிக்காக வேலியில கரண்ட் விட்டேன். இதுவரை ஒண்ணும் ஆகலை. யாராவது செத்தா கொலைக் கேஸா?

தயவுசெய்து இன்றே அந்தக் கம்பியைக் கழற்றுங்கள் தம்பி, மீதியைப் பிறகு படியுங்கள்.

கொல்லும் எண்ணம் இல்லாததால் அது கொலையாகாமல் போகலாம். ஆனால் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விட்டால் ஆள் சாவான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் 'தெரிந்தே'தான் 105-ம் பிரிவில் கொண்டுபோய் நிறுத்தும். பத்தாண்டு வரை சிறை. வெறும் கவனக்குறைவு என்றால் 106, ஐந்தாண்டு வரை. செத்தது ஒன்றுதான், மனநிலைக்கேற்ப பிரிவு மாறுகிறது. யானையோ காட்டெருமையோ சிக்கினால் வனவிலங்குச் சட்டத்தில் குறைந்தது மூன்றாண்டு, ஏழு வரை போகும்.

விடியும் முன் கொழுந்துக்குப் போகிறவர்கள், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள், எல்லோரும் நடக்கிற பாதை அது. பயிர் போனால் வலிக்கும், எனக்கும் தோட்டம் உண்டு. சோலார் வேலி என்றாலும் முதலில் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஊட்டி மாணவி: ஜாமீனில் விட முடியாத குற்றம்னா ஜாமீனே கிடையாதா சார்?

கிடைக்கும் அம்மா. விடக்கூடிய குற்றத்தில் ஜாமீன் உங்கள் உரிமை, ஸ்டேஷனிலேயே கேட்கலாம். விட முடியாததில் நீதிபதி யோசித்துத் தருவார். பெயர்தான் பயமுறுத்துகிறது.

மஞ்சூர்: குடிபோதையில செஞ்சா விட்டுருவாங்களா?

தானாகக் குடித்தவருக்கு விலக்கு இல்லை. குடிக்காதவருக்கு இருந்திருக்கும் அறிவு அவருக்கும் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாமல் கலந்து கொடுத்தோ வற்புறுத்தியோ குடிக்க வைத்து, செய்வது இன்னதென்று அறியாத நிலையில் செய்திருந்தால் மட்டும் 23-ம் பிரிவு காக்கும்.