பழைய ஆம்ப்ளிஃபயரில் ஆன்லைன் பாட்டு கேட்பது எப்படி?

அப்பா காலத்து ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சும்மா கிடக்கிறது, அதில் ஆன்லைன் பாட்டு கேட்க எது நல்ல வழி, டேட்டா எவ்வளவு போகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முதலில் வாங்கியது ப்ளூடூத் ரிசீவர், அதாவது போனின் பாட்டை வயர் இல்லாமல் வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குத் தரும் கருவி. பாட்டு ஓடும், ஆனால் ஆலாபனை உச்சத்துக்குப் போகும்போது வாட்ஸ்அப் 'டொய்ங்' என்று ஸ்பீக்கர் வழியே அலறும். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் அறுந்து அறுந்து வரும். ப்ளூடூத் ஒலியை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்புகிறது, அது வேறு.

பிறகு ஒரு வயரை எடுத்தேன். ஒரு முனையில் போனின் ஹெட்போன் துளையில் செருகும் 3.5 மி.மீ. பின், மறுமுனையில் சிவப்பு, வெள்ளை பின்கள். சிவப்பு, வெள்ளை பின்களை ஆம்ப்ளிஃபயர் பின்னால் 'ஆக்ஸ்' அல்லது 'டேப் இன்' என்று இருக்கும் இடத்தில் செருகுங்கள். 'ஃபோனோ'வில் மட்டும் வேண்டாம். அது ரெக்கார்ட் பிளேயருக்கானது, சத்தம் கரகரவென்று சிதறும். புது போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் டைப்-சி கன்வெர்ட்டர் தேவை.

வைஃபையில் இயங்கும் கருவி என்றால் பாட்டை அதுவே நேரடியாக இழுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட்தான். வசதி, ஆனால் செலவு.

டேட்டா கணக்கு எளிது. 96 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) தரத்தில் மணிக்குச் சுமார் 43 எம்பி, 160-இல் 72, 320-இல் 144. பாட்டுக்காக யூடியூப் வீடியோவை ஓடவிட்டால் பொதுவாக அதைவிட அதிகமாகப் போகும்.

என் ஓட்டு வயருக்குத்தான்.