ஜப்பானின் விமானம் – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

ஓசூரில் ஒரு சிஎன்சி பட்டறையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். கொஞ்ச காலமாக எங்களுக்கு விமான பாகங்களின் ஆர்டர் வருகிறது. சின்னச் சின்ன அலுமினிய ப்ராக்கெட்டுகள்தான். ஹைதராபாத்தில் போயிங்குக்கு வால் துடுப்பு செய்கிறார்கள், பெங்களூரில் ஏர்பஸ்ஸுக்குக் கதவு செய்கிறார்கள். அப்படியிருக்க, முழுப் பயணிகள் விமானத்தை மட்டும் நாம் ஏன் செய்வதில்லை? நிலவுக்கு விண்கலம் அனுப்புகிற நாட்டுக்கு இது முடியாதா? போயிங்கும் ஏர்பஸ்ஸும் வேறு யாரையும் வளர விடுவதில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இப்போது நம் அரசு விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல், ரஷ்யாவோடு சேர்ந்து எஸ்ஜே-100 என்ற பயணிகள் விமானத்தைச் செய்யப்போவதாகச் செய்தி. அதை நம்பலாமா? இன்னொன்று, என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஏரோநாட்டிக்கல்தான் வேண்டும் என்கிறான். சேர்க்கலாமா?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

இந்தியாவை வைத்துப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அரசாங்கத்தைத் திட்டுவதில் போய் முடிந்துவிடும். அதனால் முதலில் ஜப்பானைப் பார்ப்போம். பணம், படிப்பு, வேலை ஒழுங்கு என்று எதிலும் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

போயிங் 787-இன் இறக்கைப் பெட்டியை நகோயாவில் கார்பன் ஃபைபரில் செய்து தருவது மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ். அந்த விமானத்தின் கட்டமைப்பில் சுமார் 35 சதவீதம் ஜப்பானிய நிறுவனங்களின் வேலை. அந்த மிட்சுபிஷிதான் 2008-ல் சொந்தமாக ஒரு ஜெட் செய்ய இறங்கியது. ஏறத்தாழ 90 இருக்கைகள் கொண்ட சிறிய விமானம். ஜப்பானிய ஏர்லைனான ஏஎன்ஏ முதல் ஆர்டரைக் கொடுத்தது. 2013-ல் கையில் தருவோம் என்றார்கள். ஜப்பானுக்கு இது முதல் முயற்சியும் இல்லை. 1962-ல் பறக்கத் தொடங்கிய ஒய்எஸ்-11 என்ற விமானத்தில் 182 செய்து, நஷ்டத்தில் மூடியிருக்கிறார்கள்.

புதிய ஜெட் முதன்முதலாகப் பறந்ததே 2015 நவம்பரில்தான். பறப்பதில் பெரிய கோளாறு இல்லை. சிக்கல் வேறிடத்திலிருந்து வந்தது. 2017 ஜனவரியில் மிட்சுபிஷி மறுபடி கெடு தள்ளியது, 2020-க்கு. விமானத்தின் தரைக்கடியில் மின்னணுப் பெட்டிகளை வைக்கும் இடம் இருக்கிறது. அங்கே ஒரு குண்டு வெடித்தால் என்ன ஆகும்? தண்ணீர் கசிந்து இறங்கினால்? முக்கியமான பெட்டிகளும் அவற்றின் ஒயர்களும் ஒரே இடத்தில் கூடியிருந்தால், ஒரே அடியில் எல்லாம் போய்விடும். அப்படி ஆகாது என்று காட்டினால்தான் டைப் சர்டிஃபிகேட், அதாவது இந்த ரக விமானம் பறக்கத் தகுதியானது என்ற அரசுச் சான்று, கிடைக்கும். எனவே பெட்டிகளைப் பிரித்து வைத்து, ஒயர் போகும் வழிகளை மாற்ற வேண்டியதாயிற்று. கேட்க எளிதாக இருக்கும். ஒரு ஒயர் கட்டு இடம் மாறினால் அதைப் பிடிக்கும் கிளாம்ப் மாறும், விமானத்தின் சட்டகத்தில் போடும் துளை மாறும். அந்தத் துளைக்குப் பக்கத்தில் உலோகம் தாங்குமா என்ற கணக்கு மறுபடி, வரைபடம் மறுபடி, சோதனை மறுபடி. உங்கள் தொழிலில் ஒரு டிராயிங் ரிவிஷன் வந்தாலே என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

இது மிட்சுபிஷிக்கு முன்பே தெரியாதா என்று கேட்கலாம். போயிங்குக்கு இறக்கை செய்யும்போது வடிவமைப்பு போயிங்குடையது, அது பாதுகாப்பானது என்று அரசிடம் நிரூபிக்கும் பொறுப்பும் போயிங்குடையது. மிட்சுபிஷியின் பங்கு, வரைந்தபடி பிசகாமல் செய்து தருவது. விதிப்புத்தகம் என்ன காட்ட வேண்டும் என்று சொல்லும். எப்படிக் காட்டினால் அதிகாரி ஒப்புக்கொள்வார் என்பது ஏற்கெனவே நான்கு விமானங்களுக்குச் சான்று வாங்கியவர்கள் தலையில்தான் இருக்கும். ஒய்எஸ்-11-ஐச் செய்தவர்கள் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார்கள். சான்று தரவேண்டிய ஜப்பானிய அரசுத் துறைக்கும் இதில் அண்மைக் கால அனுபவம் கிடையாது. கடைசியில் வெளிநாட்டு நிபுணர்களை அழைத்தார்கள். அவர்களில் கனடாவின் விமான நிறுவனமான பம்பார்டியரின் பழைய ஊழியர்களும் இருந்ததால், எங்கள் ரகசியம் போய்விட்டது என்று பம்பார்டியர் 2018-ல் வழக்குப் போட்டது.

அதற்குள் சந்தை கையை விட்டுப் போயிருந்தது. பிராட் அண்ட் விட்னியின் எரிபொருள் சிக்கனமான கியர்டு டர்போஃபேன் எஞ்சினை முதலில் தேர்ந்தெடுத்தது மிட்சுபிஷிதான். ஆனால் அதே ரக எஞ்சினோடு ஏர்பஸ் ஏ320நியோ 2016-லும், பிரேசிலின் எம்ப்ரேயர் இ2 2018-லும் சேவைக்கு வந்துவிட்டன. அப்புறம் அமெரிக்கா. அங்கே விமானிகள் சங்கங்களுக்கும் பெரிய ஏர்லைன்களுக்கும் ஒப்பந்தம் உண்டு. பெரிய ஏர்லைன்களுக்காகச் சிறிய விமானங்களை ஓட்டும் துணை நிறுவனங்கள் 76 இருக்கைக்கும் 86,000 பவுண்டு எடைக்கும் மேற்பட்ட ஜெட்டை ஓட்டக்கூடாது. மிட்சுபிஷியின் 90 இருக்கை விமானம் அந்த எடையைக் கொஞ்சம்தான் தாண்டியது. காலம் போகப் போக அந்த வரம்பு தளரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். தளரவில்லை. விமானிகள் தங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட ஒரு ஷரத்து, பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு விமானத்தின் கழுத்தைப் பிடித்தது.

2023 பிப்ரவரியில் திட்டத்தை மூடினார்கள். 3,900 மணி நேரத்துக்கு மேல் சோதனையாகப் பறந்த விமானம், ஒரு பயணியைக்கூட ஏற்றவில்லை. செலவு சுமார் ஒரு லட்சம் கோடி யென், நம் கணக்கில் ஏறத்தாழ 60,000 கோடி ரூபாய்.

உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. கனடாவின் பம்பார்டியர் சி சீரிஸ் என்று நல்ல விமானம் ஒன்றைச் செய்தது. அமெரிக்காவின் டெல்டா 75 வாங்க ஒப்புக்கொண்டதும், அரசு மானியத்தில் விலை குறைத்து விற்கிறார்கள் என்று போயிங் புகார் கொடுத்தது. 2017-ல் அமெரிக்க வணிகத் துறை கிட்டத்தட்ட 300 சதவீத வரி என்றது. 2018 ஜனவரியில் அமெரிக்க சர்வதேச வணிக ஆணையமே அந்தப் புகாரைத் தள்ளிவிட்டது. அதற்கு முன்பே திட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கை ஏர்பஸ் ரொக்கம் எதுவும் தராமல் வாங்க ஒப்பந்தம் ஆகிவிட்டது. இன்றைய ஏ220 அதுதான். ஆனால் போயிங் கை வைக்கும் முன்பே பம்பார்டியர் பணமில்லாமல் திணறி, கனடாவின் கியூபெக் மாநில அரசிடம் 100 கோடி டாலர் வாங்கியிருந்தது. சதியால் மட்டுமே செத்தது என்று சொல்ல மாட்டேன்.

யாருமே தடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், விமானத்தை யார் வாங்குவார்கள்? நம்மூர் ஏர்லைன்கள் ஓட்டும் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகை. டப்ளினில் இருக்கும் ஏர்கேப் போன்ற கம்பெனிகள்தான் நிஜமான உரிமையாளர்கள். புதுக் கார் எடுக்கும்போதே ரீசேல் வேல்யூ விசாரிக்கிறவரைப் போல, பன்னிரண்டு வருஷம் கழித்து இதை வேறு நாட்டில் இன்னொருவரிடம் தள்ள முடியுமா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். உதிரிபாகம், சிமுலேட்டர், பழக்கப்பட்ட மெக்கானிக் எல்லாம் எல்லா ஊரிலும் இருந்தால்தான் அது நடக்கும். சீனாவின் சி919 பயணிகள் விமானத்துக்கு உள்நாட்டு அரசு ஏர்லைன்கள் இருப்பதால் இந்தக் கவலை குறைவு. அதற்கும் எஞ்சின் வெளியிலிருந்துதான். 2025 மே மாதம் அமெரிக்கா அந்த ஏற்றுமதியை நிறுத்தி, ஜூலையில் மறுபடி திறந்தது. குழாய் யார் கையில் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

பெரியவர்களும் நிம்மதியாக இல்லை. 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் ஒன்றில் நடுவானில் கதவு அடைப்பு, அதாவது கதவு தேவைப்படாத இடத்தை மூடும் பலகை, பிய்த்துக்கொண்டு போனதே, நினைவிருக்கிறதா? பக்கத்திலிருந்த ரிவெட்டுகளைச் சரிசெய்ய போயிங் தொழிற்சாலையில் அதைத் திறந்திருக்கிறார்கள். திருப்பி மூடும்போது நான்கு போல்ட்டுகள் போடவில்லை. திறந்ததற்கான பதிவே எழுதப்படவில்லை, பதிவு இல்லாததால் யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒவ்வொரு ப்ராக்கெட்டுக்கும் ஹீட் நம்பர் வரை, அதாவது அந்த உலோகம் எந்த உருக்கலில் வந்தது என்ற எண் வரை, கேட்டு உங்கள் உயிரை வாங்குகிறார்களே, இதற்குத்தான்.

சரி, நாம். கான்பூரில் எச்ஏஎல் ஆவ்ரோ என்ற ரகத்தில் 89 விமானங்களைச் செய்தது. வடிவமைப்பு பிரிட்டிஷ்காரர்களுடையது. சொந்த வடிவமைப்பான சரஸ் என்ற சிறிய விமானம் 2004-ல் பறந்தது. 2009-ல் பிடதி அருகே சோதனையின்போது விழுந்து விமானப் படையினர் மூவர் இறந்தனர். திட்டம் பல ஆண்டுகள் படுத்துவிட்டு 2018-ல் மறுபடி எழுந்தது. எனக்குக் கோபம் அந்த இடைவெளியில்தான். விபத்துக்குப் பின் ஆராய்ந்து, திருத்தி, அதே குழுவைக் கலைக்காமல் தொடர்ந்திருந்தால், மிட்சுபிஷியிடம் இல்லாத அந்த அனுபவம் இங்கே பத்துப் பேரிடமாவது சேர்ந்திருக்கும். 19 இருக்கை விமானத்துக்கு ஒழுங்காகச் சான்று வாங்கி, பத்து வருஷம் உதிரிபாகம் தட்டாமல் கொடுத்துக் காட்டட்டும். 90 இருக்கை பற்றிப் பிறகு பேசலாம்.

எஸ்ஜே-100 பற்றி எனக்கு உற்சாகம் இல்லை. 2025 அக்டோபரில் எச்ஏஎல் கையெழுத்திட்டது புரிந்துணர்வு ஒப்பந்தம்தான். பழைய விமானத்தில் இருந்த பிரெஞ்சு–ரஷ்யக் கூட்டு எஞ்சினுக்கு 2022-க்குப் பின் மேற்கத்திய ஆதரவு நின்றுவிட்டது. எஞ்சின் உட்பட எல்லாவற்றையும் ரஷ்யப் பாகங்களாக மாற்றிய புதிய வடிவத்துக்கு, கையெழுத்தான சமயத்தில் ரஷ்யாவிலேயே சான்று முடிந்திருக்கவில்லை. இங்கே பூட்டித் தருவதால் பட்டறைகளுக்கு வேலை வரும், சரிதான். சான்று வாங்கும் வித்தை அதோடு வந்துவிடாது.

மகனைத் தாராளமாகச் சேருங்கள். ஏர்பஸ்ஸிடம் மட்டும் 8,000-க்கு மேல் விமானங்கள் ஆர்டரில் நிற்கின்றன, ஆள் தேவை குறையாது. ஏரோநாட்டிக்கல் கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல் எடுத்து, உலோகச் சோர்வு, மென்பொருள் சரிபார்ப்பு, சான்றளிப்பு என்ற பக்கம் போகச் சொல்லுங்கள். விமானம் வரைய ஆசைப்படும் பையன்கள் வகுப்புக்கு முப்பது பேர் இருப்பார்கள். இந்தப் பக்கம் கூட்டம் குறைவு. லீவில் ஒருநாள் உங்கள் பட்டறைக்குக் கூட்டிப்போய், ஒரு ப்ராக்கெட்டுக்கு நீங்கள் நிரப்பும் காகிதக் கட்டைக் காட்டுங்கள். அதைப் பார்த்தும் கொட்டாவி விடவில்லை என்றால் பையன் தேறிவிட்டான்.